கரப்பான்பூச்சிக்கு நுரையீரல் இல்லை

கரப்பான்பூச்சியின் முதுகுத் தகட்டைக் கத்தரித்து எடுத்தால், அடியிலேயே நீளக் குழாயாக இதயம். பிறகு வெண்ணெய் போலக் கொழுப்பு. அதை விலக்கினால் தீனிப்பை, அரைவைப்பை, நூல்நூலாகக் கழிவுக் குழல்கள். நுரையீரல் மட்டும் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் காற்று நேரே உள்ளே போகிறது. மினுங்கும் குழல்கள் அதைக் கால்நுனி வரை கொண்டுபோகின்றன. காஞ்சிபுரத்தில் பி.யூ.சி. படித்தபோது மெழுகுத் தட்டில் இதைப் பார்த்த அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது. என் நைனாவுக்கு மூச்சிழுப்பு.

திருமுக்கூடல் பக்கம் எங்கள் ஊர். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. நைனா கூலிக்குப் போனார். நெற்பயிரில் தத்துப்பூச்சி விழுந்தால், வயல் தண்ணீரில் கிருஷ்ணாயிலை ஊற்றிவிட்டு, இரு வரப்பிலும் ஆள் நின்று பயிர்மேல் கயிற்றை இழுத்துப் போவார்கள். பூச்சிகள் எண்ணெயில் விழுந்து சாகும். குனிய வேண்டாத வேலை என்பதால் அதைத்தான் அவருக்குக் கொடுத்தார்கள்.

தீபாவளி லீவில் வந்தபோது, படித்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். எண்ணெய் அந்தத் துளைகளை அடைத்துவிடும் என்றேன்.

"நாத்தம் தாங்காம சாவுதுன்னு இல்ல நெனச்சினு இருந்தேன். ஏம்மா, மூச்சு முட்டியா சாவுது?"

"ஆமா நைனா."

மறுநாள் கயிறு இழுக்கக் கூப்பிட வந்தவரிடம் நைனா, "வேற எந்த வேலன்னாலும் செய்யறேன். மூச்ச அடச்சிக் கொல்றது எனக்கு வாணாம்" என்றார். வேறு வேலை செய்ய உடம்பில் ஏது தெம்பு?

"பூச்சிக்குப் பாவம் பாத்துகினு கீறியே, வூட்ல ஒல எப்டிய்யா கொதிக்கும்?" என்று அம்மா கத்தினாள். எனக்கும் எரிச்சல்தான். அந்தச் சாவு எப்படிப்பட்டது என்று எங்கள் மூவரில் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மார்கழிப் பனியில் இழுப்பு முற்றியது. நான் ஊருக்கு வந்திருந்த ஒரு காலையில் அம்மா நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்க, நைனா என் கையைப் பிடித்துத் தன் விலாவில் வைத்தார்.

"இங்க... ஒரு ஓட்ட... போடும்மா."

விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா, இன்றுவரை தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் என் விரல்கள் ஒவ்வொரு எலும்பாகத் தடவிக்கொண்டே போயின, எங்காவது ஒரு துளை இருந்துவிடாதா என்று.

எல்லா இடத்திலும் தோல்தான் இருந்தது.