செழித்த ஒரே செம்பருத்தி

எல்.கே.ஜி. வகுப்புக்கு அன்பான டீச்சர் வேண்டும் என்பார்கள். என்னைக் கேட்டால் சந்தேகப்படுகிற டீச்சர்தான் வேண்டும் என்பேன். நாலு வயதுப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால், அது வயிற்றுவலியா, இல்லை பக்கத்து வகுப்பில் யாருக்காவது பிறந்தநாளா என்று உடனே யோசிக்கத் தெரிய வேண்டும். ஒரு பிள்ளை ரொம்ப நேரம் வாய் திறக்காமல் இருந்தால் உள்ளே சாக்பீஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு இந்தக் குணம் கூடவே பிறந்தது. காய்கறிக்காரர் சிரித்தால் என் கண் தராசுக்குப் போகும். வீட்டுக்காரர் தானாகக் காப்பி போட்டுக் கொடுத்தால், "என்ன விசயம்?" என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரை வாங்குவேன். பெரும்பாலும் ஏதாவது விசயம் இருக்கும்.

நான் வேலை பார்ப்பது அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் உள்ள ஒரு சின்ன மழலையர் பள்ளி. அதன் தாளாளர் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, "இந்த வருசம் நம்ம ஸ்கூலு பசுமைப் பள்ளி. சுற்றுச்சூழல சின்னதுலயே பிள்ளைக மனசுல பதிய வச்சிரணும்" என்றார். மற்ற டீச்சர்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. வேன் திரும்ப இடைஞ்சல் என்று வாசலில் நின்ற வேம்பைப் போன வருசம் வெட்டச் சொன்னவர் இவர்தான். திடீர் ஞானம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். டவுனில் புதிதாக வந்த பள்ளிக்காரர்கள் போர்டில் புல்தரையும் வண்ணத்துப்பூச்சியும் போட்டிருக்கிறார்களாம். அவ்வளவுதான் விசயம்.

திட்டம் இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொட்டி, அதில் ஒரு செம்பருத்திக் கன்று. பிள்ளைகளுக்கு இன்னும் எழுத்துக் கூடவில்லை என்பதால் தொட்டியில் அவரவர் போட்டோவை ஒட்டினோம். தினமும் அந்தப் பிள்ளையே தண்ணீர் ஊற்ற வேண்டும். யாருடைய செடி நன்றாக வருகிறதோ அந்தப் பிள்ளைக்கு ஆண்டுவிழாவில் கப்பு. பாடத்தை எப்படிச் சொல்வது என்று எங்களுக்கு ஒருநாள் பயிற்சியும் நடந்தது. அங்கே சொல்லித் தந்தபடி நானும் வகுப்பில் சொன்னேன்: "செடியும் நம்மள மாதிரித்தான். நமக்கு என்ன வேணுமோ அதுதான் அதுக்கும் வேணும்." பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். நல்ல வாக்கியம்தான் என்று நானும் நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்று யாரும் பொதுவாகச் சொல்லமாட்டார்கள். உப்புத் தண்ணி உண்டு, நல்ல தண்ணி உண்டு. போர் போட்டால் வருவது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அது. நல்ல தண்ணி வண்டியில் வரும், காசு கொடுத்துக் குடத்தில் பிடிக்க வேண்டும். பிள்ளை நடக்கத் தொடங்கும்போதே எந்தக் குடத்தைத் தொடலாம், எதைத் தொட்டால் அடி விழும் என்று தெரிந்துகொள்ளும். பள்ளியிலும் அதே கதைதான். முற்றத்துக் குழாயில் உப்புத் தண்ணி. குடிக்கப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர வேண்டும். செடிக்குக் குழாய்த் தண்ணி.

மாசி பிறந்ததும் செடிகளுக்கு நோவு வந்தது. இலை ஓரமெல்லாம் தீயில் காட்டியதுபோலக் கருகியது. தொட்டி மண்ணில் வெள்ளையாகப் பூத்தது. தாளாளர் அதைப் பார்த்துவிட்டு, "போட்டோ எடுக்கும்போது நல்ல தொட்டிய மட்டும் முன்னால வைங்க" என்றார்.

பெற்றோர்கள் சும்மா இருப்பார்களா? கப்பு என்று சொல்லியாகிவிட்டதே! ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், பலசரக்குக் கடைக்காரர் மகனின் தொட்டியில் மஞ்சள் பூ பூத்திருக்கிறது. நாங்கள் கொடுத்தது எல்லாமே சிவப்புப் பூச் செடி. பையனின் அம்மாவைக் கேட்டேன். "வெயிலுக்கு வெளுத்திருக்கும் மிஸ்" என்று கண் சிமிட்டாமல் சொன்னார். அவுக கடையில் நான் மல்லித்தூள் வாங்குவதை அன்றோடு நிறுத்தினேன்.

கள்ளன் பெரிசா, காப்பான் பெரிசா என்று பார்த்துவிடுவோம் என்று, எல்லாச் செடியின் தண்டிலும் அடியில் ஒரு பொட்டு நகப்பாலிஷ் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த ஒரு செடி என் கண்ணை உறுத்தத் தொடங்கியது. சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்க, அது மட்டும் எண்ணெய் தடவியதுபோலப் பளபளவென்று நின்றது. தொட்டியில் ஒட்டியிருந்த போட்டோ, என் வகுப்பிலேயே பேச்சுக் குறைந்த பெண்பிள்ளையுடையது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா நூல் மில்லில் சிப்டு வேலைக்குப் போகிறார். செடியை மாற்றி வைக்கிற ஆட்கள் இல்லை. ஆனாலும் குனிந்து பார்த்தேன். நகப்பாலிஷ் பொட்டு அப்படியே இருந்தது. உரம் ஏதும் போடுகிறார்களா என்று மண்ணை எடுத்து மோந்தும் பார்த்தேன். வெறும் மண்வாசம். எனக்குத் தூக்கமே கெட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு செம்பருத்தி என்னை ஏமாற்றுகிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அதே வாரத்தில் அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கி விழ ஆரம்பித்தாள். உதடு வெடித்திருந்தது. ஒரு மத்தியானம் பாத்ரூமிலிருந்து முனகல் கேட்டு ஓடினேன். ஒண்ணுக்குப் போக முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அடுத்து வந்தது அவள் அம்மா. மில்லு உடுப்போடு, தலையில் பஞ்சுத் துகளோடு நேரே வகுப்புக்குள் வந்தார்.

"ஏன் மிஸ்ஸு, பிள்ளையள ஒண்ணுக்குப் போக விடமாட்டீகளா? அருப்புக்கோட்டையில டாக்டரு என்னைய அந்த வசவு வையிறாரு. பிள்ள தண்ணியே குடிக்கலயாம், புண்ணாகிருச்சாம். இப்படியே விட்டா கிட்னி வரைக்கும் போயிருமாம்."

"நான் யாரையும் தடுக்கிறதில்லையேம்மா. பாட்டில்ல தண்ணி குடுத்து விடுறீங்கள்ல?"

"குடுத்து விடுறேனாவா? தெனம் ரொப்பிக் குடுக்கேன். சாயங்காலம் காலியாத்தான் வருது. அப்ப எம்பிள்ள தண்ணியக் குடிக்கிறது ஆரு?"

கடைசிக் கேள்வியை என் தொண்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஊரையே சந்தேகப்படுகிறவளை ஒருத்தி சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. நாலு வயதுப் பிள்ளைக்குக் கிட்னி என்கிற வார்த்தையே வரக்கூடாது.

தாளாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாட்டில் காலியாத்தானே போகுது? அப்ப பிள்ளை குடிக்குதுன்னுதானே அர்த்தம்? அதைச் சொல்லி அனுப்பிருங்க. பெருசாக்க வேண்டாம்." இவ்வளவு அவசரமாக ஒருவர் ஒரு விசயத்தை மூடச் சொன்னால் நான் திறந்து பார்க்காமல் விடமாட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். அம்மா பொய் சொல்கிறாரா? தண்ணி வண்டி ஒழுங்காக வராத நேரம். வீட்டில் பெரியவர்களுக்கே பற்றாதபோது பாட்டிலில் பாதிதான் ஊற்றுகிறாரோ? வெளியே சொல்ல வெட்கப்பட்டு நம் தலையில் போடுகிறாரோ? பிள்ளை திரும்பப் பள்ளிக்கு வந்த காலையில், பையை வாங்கி வைப்பதுபோலப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. மூடி வரைக்கும் தண்ணீர். அம்மா உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

பக்கத்துப் பிள்ளைகள் பிடுங்கிக் குடிக்கிறார்களோ என்று அன்று முழுக்க அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாரும் பிடுங்கவில்லை. தண்ணீர் குடிக்கிற மணி அடித்ததும் எல்லாரையும்போல அவளும் பாட்டிலைத் திறந்து வாயில் வைத்து அண்ணாந்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்து இன்னும் நன்றாக அண்ணாந்தாள். வேறு யாராக இருந்தாலும் "குட் கேர்ள்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு அவள் தொண்டை அசையாதது தெரிந்தது. உதட்டை நனைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஒரு மடக்குகூட உள்ளே போகவில்லை.

இடைவேளையில் நான் அலமாரியில் எதையோ தேடுவதுபோல ஜன்னலோரம் நின்றேன். மற்ற பிள்ளைகள் குழாயடியில் கூச்சல் போட்டுக்கொண்டு சின்ன வாளிகளில் தண்ணி பிடித்தார்கள். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. பாட்டிலைக் கவுனுக்குள் மறைத்துக்கொண்டு, தொட்டிகளுக்குப் பின்னால் போய்க் குத்தவைத்தாள். மூடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, வேரடியில் விட்டாள். மண் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த மூடி. பாட்டில் காலியானதும், மூடிக்குள் ஒட்டியிருந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

என் சந்தேகம் ஜெயித்தது. அப்படி ஒரு ஜெயிப்பு எனக்கு இனிமேல் வேண்டவே வேண்டாம்.

பக்கத்தில் போய் நானும் குத்தவைத்தேன். அவள் பாட்டிலைப் பின்னால் ஒளித்தாள்.

"ஏத்தா, குழாயில தண்ணி இருக்குல்ல. அத ஊத்தலாம்ல?"

"அது உப்பு மிஸ்."

"செடிக்குத்தானே?"

என்னை நம்பமாட்டாமல் பார்த்தாள். "நமக்கு என்ன வேணுமோ அதுதான் அதுக்கும்னு நீங்கதான சொன்னீக. நம்ம உப்புத் தண்ணி குடிப்பமா?"

பயிற்சி கொடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்கள் ஊரில் தண்ணீர் ஒன்றுதான். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே உப்புத் தண்ணியில் தலை குளித்து வளர்ந்தவள். எனக்கே தோன்றாதது இவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"ஒனக்குத் தாகமா இல்லையா?"

"இருக்கு. அதுக்குக் கேக்கத் தெரியாதுல்ல, மிஸ்."

மறுநாள் மில்லுக்குப் போகுமுன் வரச்சொல்லி அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். வந்தார். நான் சொன்னதை நம்பவில்லை. "நீங்க தப்பிக்கப் பாக்கீக. நாலு வயசுப் பிள்ள இதெல்லாம் செய்யுமா?" என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். மகளைத் தொட்டிக்கு முன்னால் கூட்டிவந்தோம். அந்த ஒரு செடியையும் சுற்றியுள்ள கருகலையும் பார்த்ததும் அவர் குனிந்து ஒரு இலையைத் தடவிப் பார்த்தார். பிறகு ஆத்திரம் பொங்கிவிட்டது. "காசு குடுத்து வாங்குற நல்ல தண்ணியடி அது!" என்று கையை ஓங்கினார். நான் குறுக்கே போனேன்.

பிள்ளை அழவில்லை. பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தங்கம், செடி உப்புத் தண்ணி குடிச்சுக்கிரும். நீ இதக் குடி" என்றேன்.

"நீங்க குடிச்சுக் காமிங்க."

குழாயைத் திறந்து அவள் வாளியில் பிடித்து, டம்ளரில் ஊற்றினேன். முகத்தை மாற்றக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு ஒரே மூச்சாகக் குடித்தேன். பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. இருமி, மூக்கிலும் கண்ணிலும் நீர் வந்து, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொய் சொன்ன வாய்க்கு அது போதாது.

என் சேலையைப் பிடித்து அவள் இழுத்தாள். மூடியைத் திறந்து பாட்டிலை நீட்டினாள்.

"இதக் குடிங்க மிஸ். நல்ல தண்ணி."

அழுகையை அடக்கிக்கொண்டு, "நீ முதல்ல குடி. அப்பத்தான் நான் குடிப்பேன்" என்றேன்.

"செடி?"

இனி ஒரு பொய் சொல்ல என்னிடம் தெம்பில்லை. "செடி வாடத்தான் செய்யும். நீ வாடக்கூடாது" என்றேன்.

அவள் செடியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். மூவரில் யாரை நம்புவது என்று எடை போடுவதுபோல இருந்தது. பிறகு பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கினாள். தொண்டை ஏறி இறங்கியது. அவள் அம்மா பக்கத்தில் மண்டியிட்டு, "இன்னொரு மடக்கு... இன்னொரு மடக்குத் தாயி..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மடமடவென்று குடித்தாள். எத்தனை நாள் தாகமோ, மூச்சு விடக்கூட நிறுத்தவில்லை.

மிச்சத்தை எனக்குத் தர வேண்டும் என்பது ஞாபகம் வந்ததும் சட்டென்று பாட்டிலை இறக்கினாள். தண்ணீர் தாடை வழியாக வழிந்தது. அதைக் கீழே விழவிடாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, எங்கள் இருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மெதுவாகத் தொட்டிப் பக்கம் நடந்தாள். நல்ல தண்ணியை வீணாக்குகிறாள் என்று அவள் அம்மாவும் சொல்லவில்லை.