நாற்பதடி நியாயம்

வாய்ப்பந்தல், மனக்கோட்டை, குருட்டு நம்பிக்கை என்று அடுத்தவரை மட்டந்தட்ட என்னிடம் வார்த்தைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

அறுபதுகளில் திருச்சுழிப் பக்கம் எங்கள் புஞ்சையில் கிணறு வெட்ட ஆரம்பித்தேன். கவட்டைக் குச்சி பிடித்து நீரோட்டம் பார்ப்பவரைக் கேலி பேசி அனுப்பிவிட்டேன். வடக்கே ஒரு கிணறு, தெற்கே ஒரு கிணறு, இரண்டிலும் நாற்பதடியில் தண்ணீர். அப்படியானால் நடுவிலிருக்கும் என் நிலத்திலும் நாற்பதடியில் வந்தே தீரும் என்று தாளில் கோடு கிழித்துக் காட்டினேன்.

நாற்பதடி தாண்டியது. ஐம்பதும் தாண்டியது. கோடை முழுக்கக் கூலிக்கு மண் சுமந்த மாரியம்மாள் ஒருநாள் கூடையைக் கொட்டாமல் என் காலடியில் இறக்கி வைத்தாள். உள்ளங்கை வெடித்துப் போயிருந்தது.

"போதும்யா, நிறுத்திருவோம்."

"ஊத்து கொஞ்சம் இறங்கியிருக்கும். நியாயப்படி தண்ணி வந்தாகணும்."

"நீங்க சொல்றதெல்லாம் சரியாத்தேன் இருக்கு. இந்த மண்ணுதேன் ஒத்துக்க மாட்டேங்குது."

கூடைக்குள் கை விட்டேன். காய்ந்த சரளையும் புழுதியும். அவள் அத்தனை நாளும் கொட்டிய மண்ணை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன்.

வேலையை நிறுத்தினேன். வாய்ப்பந்தல், மனக்கோட்டை என்ற அந்த வார்த்தைகளைப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்தால், விரலில் அந்தப் புழுதி நெருடுகிறது.