மூன்று சுவர் வீடு

“இனிமே உன்னைய அண்ணேன்னு கூப்புடக் கூடாதாமா? அப்பறம் என்னன்னு கூப்புடணும், அத்தான்னா? போய்யா, போய் டயருக்குக் காத்து அடி!”

போடி ஏலக்காய் குடோன் வாசலில் ராக்கு இப்படிக் கத்தியபோது, மொக்கச்சாமி தோளில் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார். உள்ளே காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருடைய கையும் நின்றது.

அவர் தப்பாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. போடிமெட்டுக்கு மேலேயுள்ள எஸ்டேட்டுகளிலிருந்து ஜீப்பில் லோடு கொண்டுவருகிறவர். மனைவி செத்துப் பல வருசம் ஆகிவிட்டது. குரங்கணியில் தனியாக இருக்கிறார். “எங்கூட வந்து இருக்கியா ராக்கு? கோயில்ல வச்சு மாலைய மாத்திக்கிருவோம். இனிமே அண்ணேன்னு மட்டும் கூப்புடாத” என்று மெதுவாகத்தான் சொன்னார். கேட்டதில் குற்றமில்லை, கேட்ட இடம்தான் குற்றம். குடோன் வாசலில் பேசிய பேச்சு பொழுது சாய்வதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும்.

“யோசிச்சுச் சொல்லு” என்றார்.

“யோசிக்க என்ன கெடக்கு இதுல?” என்றாள். ஆனால் யோசித்தாள். அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

ராக்குவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. எழுத்து என்று அவள் தினமும் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். அவள் சாப்பிடும் எவர்சில்வர் தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் அவள் புருசன் சோலைமலையின் பேர். அவள் அப்பா கடன்பட்டு வாங்கிய சீர்ப் பாத்திரம்தான், ஆனால் குடத்திலிருந்து கரண்டி வரைக்கும் மாப்பிள்ளை பேர்தான் வெட்டினார்கள். அந்த மாப்பிள்ளை போய்ச் சேர்ந்து காலம் ஆகிவிட்டது. நல்ல மனுசன் என்று யாராவது ஆரம்பித்தால் ராக்கு விடமாட்டாள். “செத்தா எல்லாரும் நல்ல மனுசந்தேன். சம்பளத்தையும் குடுத்தாரு, அடியையும் குடுத்தாரு. ரெண்டையும் வாங்குனவ நானு.” அதற்கப்புறம் காய் பிரித்தே மகளை வளர்த்துத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாள். இப்போது தனி வீடு, தனி அடுப்பு. கேட்க ஆளில்லை, அடிக்கவும் ஆளில்லை.

நிம்மதியாகத்தான் இருந்தாள், அந்தப் படம் வருகிறவரை.

படத்தைக் கொண்டுவந்தவள் ரோஜா. நர்சுப் படிப்பு முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை குடோனுக்கு வருகிறவள். வெளிநாட்டுக்குப் போக இங்கிலீசு பேச வரவேண்டும், பழைய படத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மதியச் சோற்று வேளையில் போனைத் தூக்குவாளியில் சாய்த்து வைத்துப் பார்ப்பாள். சுற்றி எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். பாதிதான் ரோஜாவுக்குப் புரியும். மீதியை ராக்கு சொல்லிவிடுவாள்.

துறைமுகத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை. நடத்துகிறவள் புருசனை இழந்தவள், நல்ல கனத்த உடம்புக்காரி. கப்பல்காரன் ஒருத்தன் தினமும் சாப்பிட வந்து, காசு கொடுக்கிறானோ இல்லையோ, ஒரு பாட்டைப் பாடிவிட்டுப் போகிறான். கோபம் வந்தால் பாட்டு, பசி வந்தால் பாட்டு, மீன்காரனோடு சண்டை போட்டாலும் பாட்டு.

“என்ன ரோஜா இது, எவனும் முதுகக் காட்ட மாட்டேங்கிறான்? எல்லாரும் நம்மளப் பாத்தே நிக்கிறாய்ங்க.”

“இது மொதல்ல மேடை நாடகமா இருந்துச்சாம்க்கா. ரொம்ப நாளு ஓடுனதால அப்பறம் சினிமாவா எடுத்தாங்களாம்.”

“அதான பாத்தேன். அவ கடைக்கு மூணு செவுருதேன் இருக்கு. நாலாவது செவுரு இருக்க வேண்டிய எடத்துல நம்ம ஒக்காந்திருக்கோம்.”

மொக்கச்சாமி கேட்ட மறுநாள் படம் முக்கால்வாசி வந்துவிட்டது. கப்பல்காரன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். விடியற்காலை கப்பல் கிளம்புகிறது, வருகிறாயா என்கிறான். அவள் கையில் கரண்டி. வாயைத் திறக்கிறாள். அந்த நேரம் பார்த்து மேற்பார்வை செய்யும் சூர்யகலா கை தட்டினாள்.

“போதும் போதும், எந்திரிங்க. சோலியப் பாப்போம்.”

“அவ என்ன சொல்லப் போறான்னு மட்டும் பாத்துக்கிறோம்டீ.”

“நீங்க என்ன சொல்லப் போறீகன்னு ஊரே பாத்துக்கிட்டு இருக்கு, வாங்க ராக்கக்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். ராக்கு சிரிக்கவில்லை. மறுநாள் ரோஜா வரவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கோயம்புத்தூர் போய்விட்டாள். போனும் அவளோடு போய்விட்டது.

அதன் பிறகு ராக்குவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழவேண்டும்போல் இருந்தது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று இருந்தது. உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்தாள். மகளிடம் போனில் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். “ஊரு சிரிக்கும்மா” என்றது அந்தப் பக்கம். “ஊரு எப்பத்தேன் சிரிக்கல?” என்று வைத்துவிட்டாள். குரங்கணியில் சொந்தக்காரி வேலுத்தாய் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டுக் காப்பிக்கொட்டை விலை கேட்பதுபோல் வேறு ஒன்றைக் கேட்டுவைத்தாள்.

மொக்கச்சாமி தினமும் வந்தார், மூட்டையை இறக்கினார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம். அண்ணே என்று கூப்பிடவும் நாக்கு வரவில்லை, வேறு பேரும் தெரியவில்லை. “ஏய் ஜீப்பு, மூட்டைய ஓரமா வையி” என்றாள். அவர் ஓரமாக வைத்தார்.

முறத்தில் கை போய்க்கொண்டிருந்தது, கண் போகவில்லை. பருத்த பச்சைக் காய் ஒரு பக்கம், வாய் வெடித்த காய் ஒரு பக்கம் என்று தூக்கத்தில்கூடப் பிரிப்பவள்தான். அந்த வாரம் அவள் பிரித்த மூட்டையிலிருந்து ஏலத்துக்கு மாதிரிக்கு அனுப்பிய காய் திரும்பி வந்தது. சூர்யகலா கை நிறைய அள்ளி அவள் மடியில் கொட்டினாள்.

“பாருங்க, மொத தரத்துல அம்புட்டும் வெடிச்ச காயி. இத்தன வருசத்துல இப்பிடி நடந்திருக்கா? அந்த ஆளுக்கு ஒரு பதிலச் சொல்லித் தொலைங்கக்கா, எங்க பொழப்பு கெடுது.”

ராக்கு மடியிலிருந்து வெடித்த காயைப் பொறுக்கி எடுத்தாள்.

ரோஜா திரும்பி வந்த அன்று யாரும் சோற்றுவாளியைத் திறக்கவில்லை. போனைத்தான் முதலில் வைத்தார்கள். கரண்டியோடு நின்றவள் பாடினாள். வரமாட்டேன் என்றுதான் பாடினாள், அது பாசை தெரியாமலே தெரிந்தது. விடிந்தது. கப்பல் ஊதியது. கப்பல் போனபிறகு பார்த்தால், அவன் மூட்டையோடு கடை வாசலில் நிற்கிறான். தெருவே ஆடியது. சிவப்புத் திரை விழுந்தது. பெண்கள் கை தட்டினார்கள்.

“அம்புட்டுத்தானா?” என்றாள் ராக்கு.

“படம் முடிஞ்சிருச்சுக்கா. சேந்துட்டாங்கல்ல?”

“சேந்துட்டாங்க. மறுநா சட்டிய எவன் கழுவுறான்? கடைக் காசு யாரு கையில இருக்கும்? குடிச்சிட்டு வந்தா என்ன பண்ணுவா? நாலாவது செவுர வச்சு மூடுன பெறகுதேன் தெரியும் அந்த வீட்டுச் சேதி. அதக் காட்டாம திரையப் போட்டுட்டான், களவாணிப்பய.”

எழுந்து சேலையை உதறினாள். ஏலக்காய்த் தூசி பறந்தது. வாசலில் மொக்கச்சாமி ஜீப்பில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நேராகப் போய் முன்னால் நின்றாள்.

“சோறு யாரு ஆக்குறது?”

அவருக்கு டீ புரையேறியது. “இத்தன வருசமா நாந்தேன் ஆக்கித் திங்கிறேன். கொழம்பு சுமாராத்தேன் இருக்கும்.”

“என் சோலிய விடமாட்டேன். என் கூலி என் முந்தியிலதேன் இருக்கும்.”

“இருக்கட்டும். காலையில நான் வர்ற ஜீப்புலயே வந்துரு. முன் சீட்டுல.”

“கை நீட்டுவியா?”

மொக்கச்சாமி கிளாசைக் கீழே வைத்தார். “செத்தவ வந்து சாட்சி சொல்ல முடியாது, ராக்கு. குரங்கணியில எந்த வீட்டுல வேணாலும் கேட்டுக்க.”

“கேட்டுட்டேன்” என்றாள். அவர் முகத்தில் சிரிப்பு வருவதற்குள் அடுத்ததைக் கேட்டாள். “வீட்டுல எத்தன தட்டு இருக்கு?”

“ஒத்தத் தட்டுதேன். ஒத்த ஆளுக்கு எதுக்கு ரெண்டு? இன்னைக்கே இன்னொண்ணு வாங்கிப் போட்டுர்றேன்.”

“நீ ஒண்ணும் வாங்க வேணாம். நீ வாங்குனா உன் பேர வெட்டிருவ.”

சாயங்காலம் பாத்திரக்கடைக்குத் தனியாகப் போனாள். அடி கனமான தட்டாகப் பார்த்து, விரலால் சுண்டிச் சத்தம் கேட்டு எடுத்தாள்.

“வீட்டுக்காரர் பேரு என்னம்மா?” என்று கடைக்காரர் வெட்டும் மிசினைக் கையில் எடுத்தார்.

“அது எதுக்கு உனக்கு? ராக்குன்னு வெட்டு.”

மிசின் கொஞ்ச நேரம் கொர்ரென்றது, நின்றது. வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

“இம்புட்டுத்தானா? அந்த மனுசன் பேரு பாதித் தட்ட அடைச்சுக்கிட்டு இருந்துச்சு.”

கடைக்காரர் இருநூற்று நாற்பது சொன்னார். வேண்டாமென்று படியிறங்கி, அவர் கூப்பிட்டதும் ஏறி, இருநூற்றுப் பத்துக்கு வாங்கினாள். பேர் வெட்டிய கூலியும் அதிலேயே சேர்த்தி.