பாஸ் பட்டன்மேல் என் கட்டைவிரல்

1. ஒரு கேசட், பன்னிரண்டு பாட்டு

கையில் இருந்தது ஒரே கேசட். தொண்ணூறு நிமிடம் ஓடுவது. பாடப் போகிறவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டில் பன்னிரண்டு பாட்டு. ராக் பாட்டு, ஒவ்வொன்றும் எட்டு நிமிடத்துக்குக் குறையாது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டாதவன் நான். ஆனால் கணக்கு எனக்கு விரல் நுனியில் நிற்கும். பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு. கேசட் போதாது, பாட்டில்லாத ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். சேலம் போய் இன்னொன்று வாங்கி வர நேரமும் இல்லை. மூன்று மணிக்குக் கச்சேரி, அப்போதே இரண்டரை.

நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அது. இடம் எஸ்டேட் கிளப் ஹால்.

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த மலையில் மைக் செட் என்றால் காளியண்ணன் செட். காபி பறிக்கக் கீழ்நாட்டிலிருந்து வந்தவர் என் அப்பன். நானும் பத்து வயதில் இடுப்பில் கூடை கட்டியவன்தான். மஞ்சக்குட்டைத் திருவிழாவில் புகைந்துபோன ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் தூக்கி எறிந்தார்கள். அதை எடுத்து வந்து, பிரித்துப் போட்டு, மூன்றாம் மாதம் பேச வைத்தேன். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. இன்றைக்கு மூன்று செட் இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது, கான்வென்ட் பிள்ளைகள் இயக்கத் தடுமாறுகிற டிஜிட்டல் மிக்ஸர் இருக்கிறது. எல்லாம் இந்தக் கையால் வந்தது.

கச்சேரி நடத்திய குழுவின் பெயர் சில்வர் ஓக். நான்கு பேர். மூன்று பேர் போர்டிங் ஸ்கூலில் படித்த எஸ்டேட் முதலாளி வீட்டுப் பிள்ளைகள். லீட் கிடார் மட்டும் கொட்டச்சேடு சுந்தரம். எஸ்டேட்டில் ரைட்டர் வேலை, ஆட்களின் கூலிக் கணக்கான செக்ரோல் எழுதுகிறவன். கிளப்பில் கழுத்து உடைந்து கிடந்த கிடாரை ஒட்டிப் பழகியவன். என்னைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவன் வாசித்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த துரைமார்கள் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்கள். எனக்கு யாரும் கிளாஸைக் கீழே வைத்ததில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன்.

சுந்தரம் பாட மாட்டான். பேசுவான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் பாடகர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார். அதற்குப் பிறகு சுந்தரம் மைக்குக்கு வந்து, ஹாலின் கடைசியில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த எஸ்டேட் ஆட்களைப் பார்த்து நம் பேச்சில் ஏதோ சொல்வான். அவர்களை அழைத்து வந்தவனே அவன்தான். அவர்கள் சிரிப்பார்கள். ஹால் ஓட்டுக்கூரை அதிரும்.

நான் என்ன செய்தேன்? கோயில் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி பதிவு செய்யும்போது நடுவில் யாராவது மைக்கைப் பிடுங்கி, "செவப்புச் சட்ட போட்ட கொழந்த மேடைக்குப் பின்னால அழுதுட்டு இருக்குது" என்பார்கள். அப்போது ரெக்கார்டிங்கை நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டனை அழுத்திவிடுவோம். பாட்டு தொடங்கினால் விடுவோம். கேசட் மிச்சமாகும், கேட்கவும் சுத்தமாக இருக்கும். எங்கள் தொழிலில் இதுதான் முறை. அதையே அங்கேயும் செய்தேன். கிடாரின் கடைசி ஓசை அடங்கியதும் பாஸ். டிரம்ஸ்காரர் குச்சி இரண்டையும் நான்கு தட்டுத் தட்டி அடுத்த பாட்டைத் தொடங்குவார். முதல் தட்டுக்கு முன்னால் விடுவேன். ஒரு தட்டுகூட விட்டுப்போகவில்லை. அப்படிக் கட்டைவிரல் இந்தத் தொழிலில் எவனுக்கும் இருந்ததில்லை.

ஒன்பதாவது பாட்டு முடிந்தபோது மழை பிடித்தது. கரண்ட் போயிற்று. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். எடுத்துப் பார்த்தால் கேசட்டின் கடைசியில் பதிமூன்று நிமிடம் மிச்சம். நான் அதைச் சுந்தரத்திடம் பெருமையாகக் காட்டினேன்.

"ஏனுங்ணா, மிச்சம் புடிச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றான். சிரித்துக்கொண்டே கிடாரைச் சாக்கில் சுற்றினான்.

மூன்றாம் மாதம் குப்பனூர் ரோட்டு வளைவில் ஜீப் உருண்டு சுந்தரம் போய்விட்டான். மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. அவளைத் தாய்வீட்டார் கீழே அழைத்துக்கொண்டு போனார்கள். சில்வர் ஓக் அத்தோடு முடிந்தது.

2. தேவராஜ் சார் குடோன்

இந்த மலையின் ஈரத்தில் கேசட் இரண்டு மழைக்காலம் தாங்காது. வெள்ளையாகப் பூசணம் பூக்கும், நாடா ஒட்டிக்கொள்ளும். என் கேசட் நாற்பது வருடம் தாங்கியது. தகர டப்பாவில் போட்டு, அடுப்படிப் பரணில் வைத்து, மாதம் ஒரு முறை முழுதாகச் சுற்றித் திருப்பி வைத்தேன். என் கல்யாணப் போட்டோவைப் பூச்சி தின்றுவிட்டது. கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தேவராஜ் சார் எஸ்டேட் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய காபி குடோனில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஏழெட்டு ராக் ரசிகர்கள் கூடுவார்கள். ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் என் பொறுப்பு. பாட்டு ஒன்று போட்டால் சண்டை மூன்று நடக்கும். பழைய டிரம்ஸ்காரன் போன பிறகு அந்த பேண்டு பேண்டே இல்லை என்பார் ஒருவர். ஸ்டுடியோவில் இருபது தடவை திருத்திப் பாடியதைவிட மேடையில் தப்பாகப் பாடியதே பெரிது என்பார் இன்னொருவர். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எந்த ரெக்கார்டில் எந்த மைக் வைத்தான் என்று கேட்டே சொல்லிவிடுவேன். அதனால் என்னை மதிப்பார்கள்.

நிவேதா என்று ஒரு பெண். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை இங்கே வீட்டிலிருந்தே பார்க்கிறவள். கூட்டத்தில் வயது குறைந்தவள், வாய் அதிகம்.

"ஏனுங்க சார், இருவது நிமிசம் ஒரே கிடாரு. அந்தாளு ஊட்டுக்குப் போகவே மாட்டானுங்களா?" என்பாள். "இப்பத்திய பாட்டுல எங்காளுங்க ரெண்டரை நிமிசத்துல சோலிய முடிச்சிருவாங்க."

"உங்காளு பாட்டு அடுத்த தீபாவளிக்கு இருக்காதும்மா," என்பார் தேவராஜ் சார்.

"தீபாவளிக்கு வேற வரும், சார்."

ஒரு ஞாயிறு அந்தக் கேசட்டை எடுத்துப் போனேன். போட்டேன். ஒன்பது பாட்டும் வரிசையாக, தண்ணீர் போல ஓடியது. எல்லாரும் அசந்துபோனார்கள். தேவராஜ் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"காளியண்ணா, ஸ்டுடியோவுல எடுத்த மாதிரி இருக்குது. ஒரு இருமல் இல்ல, ஒரு கைதட்டல் இல்ல!"

"அதாங்க என் கை," என்றேன்.

நிவேதா மட்டும் ஸ்பீக்கர் பக்கம் காதைத் திருப்பினாள். பிறகு கேட்டாள்.

"தாத்தா, இது லைவ் ரெக்கார்டிங்னு சொன்னீங்க. ஆளுங்க எங்க?"

"எந்த ஆளுங்க?"

"ஹாலுல ஆளே இல்லாத மாதிரி இருக்குது. பூட்டுன ஊட்டுக்குள்ள நாலு பேரு வாசிக்கறாப்ல."

எனக்குச் சுருக்கென்றது. "குப்பையைக் கூட்டுனா ஊடு சுத்தமாத்தான் கண்ணு இருக்கும்," என்றேன்.

"இப்பெல்லாம் அந்தக் குப்பையத்தான் தனியா வாங்கிச் சேக்கறாங்க, தாத்தா. கேசட்டு இரைச்சல், மழைச் சத்தம், யாரோ பேசறது. நீங்க ஓசில கெடச்சத வேண்டாம்னு தள்ளிப்போட்டீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

ஒரு பாட்டை மட்டும் செல்போனில் ஏற்றி, 'லீட் கிடார்: கொட்டச்சேடு சுந்தரம்' என்று பெயர் போட்டு நிவேதா ஊருக்கெல்லாம் அனுப்பினாள். அவள் நல்லதுக்குத்தான் செய்தாள்.

3. சேலத்திலிருந்து வந்தவள்

மூன்றாம் வாரம் என் கடைக்கு ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பதை எட்டும் வயது. நர்ஸ் வேலை, பெயர் கலைச்செல்வி. சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். நெற்றியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சுந்தரத்தின் நெற்றி.

"ஏனுங்க ஐயா, எங்கப்பாவோட கேசட்டு உங்ககிட்ட இருக்குதுன்னாங்க."

"இருக்குது சாமி. உக்காரு. இந்த மலையில வேற எவன்கிட்டயும் இருக்காது," என்றேன். அதுவரைக்கும் எனக்குப் பெருமைதான்.

நல்ல ஹெட்ஃபோனை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டேன். கேசட் ஓட்டுகிற டெக்கைத் துடைத்து, நாடா உரசும் ஹெட்டைச் சுத்தம் செய்து, கேசட்டைப் போட்டேன். நானும் இன்னொரு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டேன். முதல் பாட்டு ஓடியது. பொறுமையாகக் கேட்டாள். இரண்டாவது தொடங்கியதும் ஹெட்ஃபோனைக் கொஞ்சம் விலக்கினாள்.

"அப்பா எப்பங்க பேசுவாரு?"

நான் கேசட்டை நிறுத்தினேன்.

"எங்கம்மா சொல்லுவாங்க. கச்சேரில பாட்டு முடிஞ்சா அப்பா பேசுவாருன்னு. அத்தன பேரும் சிரிப்பாங்கன்னு. கிடாரு எனக்குப் புரியாதுங்க ஐயா. அப்பா பேசிக் கேட்டதே இல்ல. கல்யாணப் போட்டோ ஒண்ணு இருக்குது, அவ்வளவுதானுங்க."

நான் டெக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பேச்சையெல்லாம் எடுக்கலைங்க, கண்ணு. பாட்டு மட்டுந்தான்."

"எல்லாத்தயுமா வுட்டுட்டீங்க?"

"எல்லாத்தயும்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். கேசட் என்ன விலை, தொழில் முறை என்ன என்று வாதாடியிருப்பேன். அவள் ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டு, "பரவால்லீங்க, போடுங்க," என்றாள்.

மூன்றாவது பாட்டின் முடிவில் என் கை ஒரு கணம் பிந்தியிருந்தது. எப்படி என்று தெரியவில்லை. நாற்பது வருடமாக அந்த இடம் எனக்கு வெட்கம். யாருக்குப் போட்டுக் காட்டினாலும் அந்த இடத்தில் வால்யூமைக் குறைத்துவிடுவேன். கிடார் அடங்கும். ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். "ஏனு" என்று பாதிச் சொல். அதற்குள் பாஸ்.

அன்றைக்கு வால்யூமைக் குறைக்கவில்லை. ஏற்றினேன்.

அவள் நிமிர்ந்தாள். "இதுங்களா?"

"இதான்."

"மறுபடி போடுங்க."

போட்டேன். மறுபடி. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. அந்த மூச்சு, அந்தப் பாதிச் சொல், வெட்டு. நாடா அறுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இருந்தும் பின்னால் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"இதுக்கப்புறம் என்னங்க சொன்னாரு?"

இந்தக் கேள்வியால்தான் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை. நான் அங்கே இருந்தேன். காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தேன். அந்த ஹாலில் அவன் பேசியது என்னைவிடத் தெளிவாக யாருக்கும் கேட்டிருக்காது. அன்றைக்கு எந்த மைக் ஊளையிட்டு ஹவுலிங் வந்தது, எந்த ஸ்பீக்கர் கரகரத்தது, எத்தனையாவது பாட்டில் சுந்தரத்தின் கம்பி அறுந்தது, எல்லாம் சொல்வேன். அவன் பேசியதில் ஒரு சொல் நினைவில்லை. நான் டெக்கில் நாடாவின் எண் ஓடுகிற கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சித் தட்டுக்குக் காத்திருந்தேன்.

"எல்லாரும் சிரிச்சாங்க, சாமி."

"எதுக்குங்க?"

"தெரியலையே."

ஏதாவது ஒரு வேடிக்கையை நானே கட்டிச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல முடியவில்லை.

ஒன்பது பாட்டும் முடிந்தது. கேசட் நிற்காமல் ஓடியது. கடைசிப் பதிமூன்று நிமிடத்தில் ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். அவளோ ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, தலையைக் குனிந்து, காத்திருந்தாள். என் கட்டைவிரல் டெக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. அழுத்தவில்லை. வெற்று நாடா முழுவதையும் அவள் கேட்டாள். டெக் 'டக்' என்று தானாக நின்ற பிறகுதான் எழுந்தாள்.

பாட்டெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கடையை விட்டு இறங்கும்போது, "அந்த எடத்த மட்டும் தனியா வெட்டித் தர முடியுங்களா?" என்று கேட்டாள். வெட்டிக் கொடுத்தேன். வெட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன் இந்த மலையில் கிடையாதே.

4. இதிலிருந்து நான் கற்றது

அடுத்த நாள் தேவராஜ் சாரிடம் போய்க் கேட்டேன். அவர் அன்றைக்கு முன்வரிசையில் இருந்தவர்.

"ஏதோ லோக்கலா சொல்லிட்டிருந்தான், காளியண்ணா. நாங்க அடுத்த பாட்டு என்னன்னு பேசிட்டிருந்தோம்."

கொட்டச்சேட்டுக்குப் போனேன். ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த ஆட்களில் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள், மீதிப் பேர் பிள்ளைகளோடு திருப்பூர் பக்கம் இறங்கிவிட்டார்கள். அவர்களில் மாரக்காள் ஒருத்திதான் அகப்பட்டாள். மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சமுங்க. நொம்பச் சிரிச்சம். பொடவைய வாயில வெச்சிக்கிட்டுச் சிரிச்சம். ஆனா எதுக்குச் சிரிச்சம்னு இப்பக் கேட்டா எப்படிங்க? நீங்கதான் மெசினு வெச்சுப் புடிச்சீங்களே. அதப் போட்டுப் பாருங்க," என்றாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ரெக்கார்டிங் ஓடும்போது கையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எது பாட்டு, எது குப்பை என்று முடிவு செய்கிற வேலை நமக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை, கலைச்செல்விக்கும் இல்லை. போன மாதம்கூடச் செல்போனில் கேட்டாள், "யாராச்சும் ஞாபகம் வெச்சிருந்தாங்களாங்க ஐயா?" என்று. இல்லை என்றேன்.

கேசட்டை இப்போதும் மாதம் ஒரு முறை திருப்பி வைக்கிறேன். எட்டு இடைவெளியில் சுந்தரம் பேசியது அத்தனையும் பதிமூன்று நிமிடத்தைத் தாண்டியிருக்காது. நான் மிச்சம் பிடித்த அந்தப் பதிமூன்று நிமிடமும் கடைசியில் அப்படியே இருக்கிறது, பூசணம் படாமல்.