ஏழாம் லெவலில் பச்சைப் படகு

சுபஸ்ரீ உருவாக்கிய விளையாட்டின் விலை ஐம்பத்தொன்பது ரூபாய். அந்தத் துட்டுக்குப் பழவேற்காடு மார்க்கெட்டில் ஒரு கூறு பொடிமீன் வேண்டுமென்றால் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருக்கும். இதுவோ போனில் இறக்கிக்கொண்டால் ஆயுசுக்கும் கெடாது, நாறாது, ஐஸ் போட வேண்டியதில்லை. இத்தனை சௌகரியமான சரக்கு குப்பத்துக்குள் நுழைந்தால் வம்பு வராமல் இருக்குமா?

மணல்மேட்டுக்குப்பத்துக்கு ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் வெளிச்சம். அங்கே ஏரியில் இறால் பிடிக்கும் அர்ஜுனனின் ஒரே மகள் சுபஸ்ரீ. பொன்னேரியில் பி.காம். முடித்து, கம்ப்யூட்டரில் படம் வரையக் கற்றுக்கொண்டு, சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். போகவர ரயில். அனுப்பம்பட்டில் சிக்னல் கிடைக்காமல் ரயில் நிற்கும்போதெல்லாம் போனில் ஏதாவது கிறுக்குவாள். விளையாட்டில் பாதி அப்படி உருவானதுதான்.

பிறவியிலேயே கவலைக்காரி. கேஸை மூடினோமா என்று பொன்னேரி வரை போய் யோசிப்பாள். மூடியாகிவிட்டது என்று அம்மா போனில் சொன்னால், அம்மா ஏன் இவ்வளவு சீக்கிரம் எடுத்தாள் என்று யோசிப்பாள். “வயித்துல இருக்கசொல்லவே நகத்தக் கடிச்சிக்கினுதான் இருந்திருப்பா,” என்பாள் அம்மா இருசம்மாள்.

விளையாட்டுக்கு அவள் வைத்த பெயர் ‘பாடு’. ஏரியில் பாடு என்றால் முறை. நல்ல இறால் ஓடும் இடத்தில் இன்று ஒருவர் வலை கட்டினால் நாளை அடுத்தவர். யாருக்கு எந்த முறை என்பதை ஊர் கூடிக் குடத்தில் சீட்டுப் போட்டு எடுக்கும். அடுத்தவன் பாட்டில் வலை இறக்குவது திருட்டு. அப்படிச் செய்தவன் பெயர் அடுத்த குடத்துக்குள் போகாது. பெயர் போகாவிட்டால் அந்த வருஷம் ஏரி அவனுக்கு வெறும் தண்ணீர்.

போனிலும் அதே கதைதான். நாலு படகு, ஒரு குறுகலான கால்வாய், அதைத் தாண்டி இறால். தண்ணீர் வற்றுவதற்குள் எல்லாப் படகும் கூடை நிரப்பிவிட வேண்டும். முறை யாருடையது என்று மேலே நிறம் காட்டும். ஒரு லெவலைத் தாண்டினால்தான் அடுத்தது திறக்கும்.

முதலில் வந்த விமர்சனங்கள் எங்கெங்கிருந்தோ வந்தன. ‘மனசுக்கு இதமாக இருக்கிறது,’ என்று ஒருவர். ‘தூக்க மாத்திரையை நிறுத்திவிட்டேன்,’ என்று இன்னொருவர். உலகத்தைத் தூங்கவைத்துவிட்டு சுபஸ்ரீ மட்டும் முழித்துக்கொண்டு அடுத்த விமர்சனத்துக்காகத் திரையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து ஸ்டார் வந்தால், இது எப்போது குறையுமோ என்று பயம்.

குறைந்தது. ஒரே நாளில் வரிசையாக ஒற்றை ஸ்டார்கள். ‘சூப்பர். 1 ஸ்டார்.’ ‘எங்க ஊர் பொண்ணு. 1 ஸ்டார்.’ ‘ரொம்ப மஜாவா கீது. 1 ஸ்டார்.’

“அம்மா, நீ இன்னா பண்ண?”

“நான்தான் மீன் கூடைக்காரிங்க எல்லார் போன்லயும் போட வெச்சேன். ஃபர்ஸ்ட்டுனா ஒன்னுதானே? அஞ்சாவதா வந்தவளுக்கு எவன் பிரைஸ் குடுப்பான்?”

அதைச் சரிசெய்வதற்குள் ஊரின் நிஜமான விமர்சனங்கள் வந்து சேர்ந்தன. ‘காத்து இல்ல, சேறு இல்ல, இன்னா ஏரி இது?’ ‘படகு கண்ணு மாறு கண்ணா கீது.’ அப்புறம் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல: ‘ஏழாம் லெவல் தப்பு. முடிக்கவே முடியாது.’

வெளியூர்க்காரர்கள் ஏழாம் லெவலைப் பல் தேய்க்கும் நேரத்தில் முடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் முறை நீலப் படகுடையது. ஆனால் கால்வாயில் அதற்கு முன்னால் பச்சைப் படகு நிற்கிறது. பச்சையை முதலில் உள்ளே விட்டு வலை இறக்கினால் வழி திறந்துவிடும். விளையாட்டு அதைத் தடுக்கவில்லை. எங்காவது ஓரிடத்தில் ஒழுங்கை மீறினால்தான் சுவாரஸ்யம் என்று எங்கோ படித்துவிட்டு சுபஸ்ரீ வைத்த ஒரே குறும்பு அது. மணல்மேட்டுக்குப்பத்தில் ஒரு விரலும் அந்தப் பக்கம் போகவில்லை. நீலத்தின் பாட்டில் பச்சை எப்படிப் போகும்? ஊரே கால்வாயில் படகுகளைப் பின்னால் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வற்றிவிடும். மறுபடி இழுக்கும். அர்ஜுனனும், “எனக்கு ஆறுக்கு மேல போவல,” என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

விடையை உடைத்தவன் ஜெரோம். துறைமுகத்தில் வேலை, ஏரியில் பாடு கிடையாது. டீக்கடையில் பக்கத்திலிருந்தவர் போனை எட்டிப் பார்த்துவிட்டு, “பச்சைய உள்ள தள்ளுங்கண்ணா, அவ்ளோதான்,” என்றான்.

அங்கிருந்த தேசிங்கு கிளாஸைக் கீழே வைத்தார். தேசிங்கின் படகு நீலம். அது பரவாயில்லை, ஊரில் நீலப் படகு நிறைய. பச்சைக்குத்தான் சுபஸ்ரீ பழக்கதோஷத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தாள். ஏரியில் மஞ்சள் கோடு போட்ட பச்சைப் படகு ஒன்றே ஒன்று. அர்ஜுனனுடையது.

“போன ஆடியில என் பாட்டுல வலை லேசா வந்துச்சே,” என்றார் தேசிங்கு. “இப்பதான் புரியுது. அப்பன் செஞ்சத பொண்ணு படமா போட்டுக் காட்டிக்கீறா.”

ஞாயிற்றுக்கிழமை குடத்தில் சீட்டு. அதற்குள் விஷயம் ஊர்த் தலைவர் சின்னதம்பி காதுக்குப் போய், சனிக்கிழமை சாயந்திரம் ஏலக் கொட்டகையில் கூட்டம் என்று ஆனது. சுபஸ்ரீ அந்த லெவலைத் திறந்து வைத்துக்கொண்டாள். பச்சையைக் கருப்பாக்கிவிடலாமா? மாற்றினால், பார் மறைக்கிறாள் என்பார்கள். விட்டால், பார் திமிர் என்பார்கள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நாலு தடவை வாய்வரை வந்தது. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயந்து விழுங்கிவிட்டாள்.

கொட்டகையில் சின்னதம்பி நடுவில் உட்கார்ந்தார்.

“இன்னாம்மா சுபா, யாரு சொல்லிக் குடுத்தா இந்த வேலைய?”

“யாரும் இல்ல பெரிப்பா. நானே யோசிச்சதுதான். வெறும் கேமு.”

“கேமுனா உங்கப்பன் படக வுட்டுட்டு வேற படகு கெடைக்கலையா?” என்றார் தேசிங்கு. “தலைவரே, ஒன்னு பண்ணலாம். அர்ஜுனன் கைல போனக் குடுங்க. அந்த வழி தெரிஞ்சவன் கை தானா அங்கதான் போவும்.”

ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. நீதி இலவசமாக, அதுவும் வேடிக்கையோடு கிடைத்தால் யார் வேண்டாமென்பார்கள்? ஏழாம் லெவலில் நின்றிருந்த தலைவரின் போனே நீட்டப்பட்டது.

அர்ஜுனன் விரலை லுங்கியில் துடைத்தார். வலைக்கயிறு தேய்த்த விரல். இரண்டு முறை அழுத்தினால்தான் திரைக்கு உறைக்கும். நீலத்தின் முறை. அவர் பச்சையைப் பின்னால் இழுத்தார். சிவப்பைப் பின்னால் இழுத்தார். தண்ணீர் வற்றியது. மறுபடி. மறுபடியும் வற்றியது. சுபஸ்ரீ கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத்தான் தெரியும், பச்சையில் விரல் தவறி முன்பக்கம் சறுக்கினால் போதும், அது உள்ளே ஓடிவிடும். ஏன் அவ்வளவு லேசாக வைத்தோம்?

மூன்றாம் முறை. அர்ஜுனனின் விரல் பச்சைக்கு மேலே வந்து நின்றது. இறங்கவில்லை, விலகவும் இல்லை. மீன் வெட்டும் கத்தியைக்கூட யாரோ கீழே வைத்த சத்தம் கேட்டது.

அவர் நிமிர்ந்து போனை தேசிங்கிடம் நீட்டினார்.

“மச்சான், இப்ப உன் முறை. நீயே ஓட்டு. உன் பாட்டுல நான் இன்னாத்துக்கு கை வைக்கணும்?”

ஊர் சிரித்தது. சிரித்த பிறகு வாங்காமலிருக்க முடியுமா? தேசிங்கு வாங்கினார். நீலத்தை அழுத்தினார். அது அசையவில்லை. இன்னும் அழுத்தினார். தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது.

“வலிச்சுட்டு போ மச்சான், கூடை காலியா கீது பாரு,” என்று பின்னாலிருந்து ஒருத்தர்.

“இன்னாத்த வலிக்கறது? குறுக்க நிக்கிது பாரு சனியன். போய்த் தொலையேன்!” என்று தேசிங்கு கட்டைவிரலால் பச்சையை ஒரு தள்ளு தள்ளினார்.

பச்சை உள்ளே ஓடி வலை இறக்கி ஒதுங்கியது. நீலம் போனது, சிவப்பு போனது, மஞ்சள் போனது. கூடைகள் நிறைந்தன, போன் மேளம் கொட்டியது, திரையெங்கும் இறால் துள்ளியது. “ஆச்சு பாரு!” என்று தேசிங்கு ஒரு நொடி ஜெயித்த முகத்தோடு நிமிர்ந்தார். அப்புறம்தான் கொட்டகையைப் பார்த்தார்.

“உன் முறைல அவன் படக நீயே உள்ள வுட்டுட்ட,” என்றார் சின்னதம்பி. “அப்பால இன்னாத்துக்குப்பா என் சாயங்காலத்தக் கெடுத்த?” போனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “அர்ஜுனன் பேரு குடத்துல இருக்கும். சுபா, அந்த லெவல மாத்து. எல்லாரும் பாட்டுப்படி போவணும். இல்லனா ஊரே ஒரு ஸ்டாருதான்.”

“சரி பெரிப்பா,” என்றாள். இனி வெளியூர்க்காரர்கள் திட்டுவார்கள். அந்தக் கவலை அப்போதே தொடங்கிவிட்டது. ஆனாலும் மூச்சு வந்துவிட்டிருந்தது.

அப்பாவும் மகளும் கரையோரமாக வீட்டுக்கு நடந்தார்கள். அர்ஜுனன் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். அப்புறம் சாவகாசமாகக் கேட்டார்:

“எட்டாவதுல அந்த நண்டு வந்து கால்வாய்ல உக்காந்துக்குதே, அத இன்னா பண்ணணும்?”

சுபஸ்ரீயின் கால் மணலில் நின்றுவிட்டது. ஏழாம் லெவலைத் தாண்டாதவர் கண்ணுக்கு எட்டாவது தெரியாது. அதில் நண்டு இருப்பது அவளுக்குத் தெரியும், எங்கெங்கோ தூங்கிக்கொண்டிருக்கும் அந்த முகமறியாதவர்களுக்குத் தெரியும். ஊரில் எட்டாவது திறந்திருப்பது தலைவரின் போனில் மட்டும்தான், அதுவும் சற்று முன்னால். அந்தப் போன் அவர் சட்டைப்பையில் இருக்கிறது.

போனில் அந்த வழி தெரிந்தால் ஏரியிலும் தெரியும் என்று ஆகிவிடுமா? ஆகாது. ஆடி மாதம் வலை எத்தனையோ காரணத்துக்காக லேசாக வரும். வரும்தானே? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். நாளைக்குக் குடத்தில் அவர் பெயர் இருக்கிறது.

“அது நகர்ற வரிக்கும் காத்திருக்கணும், நைனா.”

“காத்திருக்கறதா?” அர்ஜுனன் புகையை ஏரிப் பக்கம் ஊதினார். “வேற வழி வெக்கலையா நீ?”