மெழுகு உடைந்த போத்தல்

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை, பின்னேரம் நான்கரை மணிக்குச் சித்தப்பா தன் இடுப்பிலிருந்த சிறு கத்தியை எடுத்து, அப்பாவின் விஸ்கிப் போத்தலின் கழுத்தில் இருந்த பச்சை மெழுகை வெட்டினார். அன்று அப்பா இறந்த எட்டாம் நாள். இறந்தவர் விரும்பி உண்டதையும் குடித்ததையும் படைக்கும் எட்டுச்செலவுக்காக உறவினர்கள் எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள்.

துறைமுகக் குடாவின் மறுகரையில் உள்ள கோல்ஃப் மைதான விடுதியின் பாரில் அப்பா வேலை செய்தார். அவர் குடிப்பதில்லை. ஸ்கொட்லாந்திலிருந்து விளையாட வந்த முதியவர் ஒருவர், திரும்பிப் போகும்போது அந்தப் போத்தலை அவருக்குக் கொடுத்திருந்தார். புகழ்பெற்ற கோல்ஃப் மைதானம் ஒவ்வொன்றையும் மனதில் வைத்து சிங்கிள் மோல்ட் என்னும் உயர்ரக விஸ்கி ஒவ்வொன்றைத் தயாரித்து, மிகக் குறைந்த எண்ணிக்கையில் மட்டும் வெளியிட்ட வரிசையில் அது ஒன்று. பெட்டியின் உட்புறத்தில் கடலோர மைதானம் ஒன்று மெல்லிய கோடுகளால் வரையப்பட்டிருந்தது. போத்தலின் இலக்கத்தை யாரோ கையால் எழுதியிருந்தார்கள்.

"மணல்மேட்டுப் புல்லும் கடல் காத்தும் இதுக்குள்ள மணக்குமாம். அந்த மனிசன் சொன்னவர்," என்பார் அப்பா. பிறகு பெட்டியை மூடி, அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்குப் பின்னால் வைப்பார்.

வேலை முடிந்து வரும்போது, வீதியில் படுத்திருந்த மாட்டின் மீது அவருடைய மோட்டார் சைக்கிள் மோதியது. மரண விசாரணையில் தலைக்காயம் என்று மட்டும் சொன்னார்கள். ஆனால் அவரைத் தூக்கியவர்கள், சட்டையில் குடி மணந்தது என்றார்கள். அது பொய்யல்ல. பிறருக்கு ஊற்றிக் கொடுத்து அவர்களுடைய கிளாஸ்களைக் கழுவுகிறவரின் சட்டை எந்த நாளும் அப்படித்தான் மணக்கும். செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் அதைப் பற்றி அடங்கிய குரலில் கதைத்தபோது அம்மா அவர்களோடு வாதாடவில்லை. போத்தலைக் கொண்டுவந்து காட்டினார்.

"பாருங்கோ, மெழுகு கூட உடையேல்ல. குடிக்கிற மனிசன் இப்பிடி ஒரு சாமானை வருசக்கணக்கா வீட்டில வச்சிருப்பாரோ?"

வந்த ஒவ்வொருவரிடமும் அதையே கேட்டார். அடுத்த வீட்டு மாமி போத்தலைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, தலையசைத்தார்.

இறக்கக்கண்டியில் கடற்றொழில் செய்யும் சித்தப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அந்த நாட்கள் முழுவதும் அவர் வெளியே, பந்தலின் கீழ் ஆண்களோடு இருந்தார். எட்டுச்செலவுக்கு ஒரு சாராயப் போத்தல் கொண்டுவந்திருந்தவர், அம்மா காட்டிவிட்டு மேசையில் வைத்திருந்த விஸ்கியைக் கண்டதும் சாராயத்தைத் தள்ளி வைத்தார்.

"எங்கட சாராயம் அண்ணைக்கு இறங்காது. பெரிய ஆக்களோட புழங்கினவர்." ஆண்கள் சிரித்தார்கள்.

"சித்தப்பா, அதை உடைக்கிறேல்ல," என்றேன். அதற்குள் கத்தி மெழுகில் இறங்கிவிட்டது.

"மூடிக் கிடக்கிற போத்தலைப் படைச்சா, பிள்ளை, அண்ணை எப்பிடிக் குடிக்கிறது?" அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

தக்கை வந்தது. புல்லும் கடலும் மணக்கவில்லை. விறகுப் புகைதான் மணத்தது. அம்மா பொரித்த மீனோடு குசினியிலிருந்து வந்தபோது, வாழையிலைக்கு அருகே கிளாஸ் நிறைந்திருந்தது.

"ஆர் உடைச்சது?"

"நான்தான் அண்ணி. அண்ணை ஆசையா வச்சிருந்த சாமானெல்லோ."

படையலில் வைத்ததைத் திரும்ப எடுப்பதில்லை. அம்மா மீன் தட்டை இலையின் அருகே வைத்தார். கிளாஸைத் தொடவில்லை.

பொழுதுபட்டபின் ஆண்கள், வழக்கப்படி படையலைச் சந்தியில் வைத்துவிட்டு வர, போத்தலோடு போனார்கள். திரும்பி வந்தபோது போத்தலில் பாதி இல்லை. கிணற்றடியில் அடுத்த வீட்டு மாமி இன்னொருத்தியிடம் சொன்னார்: "நான் அப்பவே நினைச்சனான். குடிக்காத ஆளுக்கு எட்டுக்கு விஸ்கி படைப்பினமோ?" சட்டி கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது கேட்டது.

எல்லோரும் போனபின் அம்மா என்னிடம் கேட்டார்: "நீ படிச்சனி, சொல்லு. இனி நான் ஆருக்கு என்னத்தைக் காட்டுறது?"

அம்மாவின் கேள்வியைவிட மோசமான ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு போத்தலை உடைக்காமல் வைத்திருந்தது, வேறு போத்தல்களிலிருந்து குடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. முன்பு ஒருபோதும் நினையாத அது அன்று மனதில் வந்து தங்கிவிட்டது.

மறுநாள் காலை கந்தளாய் பஸ்ஸில் ஏறி, மைதானத்தின் வாசலில் இறங்கினேன். விடுதியின் சமையற்காரர் கிண்ணியாக்காரர். பல வருடங்கள் அப்பாவோடு ஒரே நேரத்தில் வேலை முடித்துப் புறப்பட்டவர். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா இங்க குடிக்கிறவரோ?" என்று கேட்டேன்.

அவர் கையை நிறுத்தினார். "இல்ல புள்ள. ஒரு நாளும் இல்ல." கத்தியைக் கீழே வைத்தார். "நீங்களுமா கேக்கிறீங்க?"

அவருடைய பதிலை அம்மாவிடம் சொல்வதென்றால், நான் கேட்டதையும் சொல்ல வேண்டும். அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பினேன். எங்கே போனாய் என்று அம்மா கேட்டார். கடைக்கு என்றேன்.