பதினோரு ஜோடி செருப்பு

என்னோடு கல்வராயன் மலைக்கு வருகிறவர்கள் என்னைப் பற்றிச் சொல்லும் குறை ஒன்றுதான். தானும் உட்கார மாட்டான், மற்றவர்களையும் உட்கார விட மாட்டான் என்பார்கள். ஜீப்பில் ஏறும்போது ஒவ்வொருத்தர் தோளையும் தொட்டு எண்ணுவேன். இறங்கும்போது எண்ணுவேன். வழியில் டீ குடிக்க நின்றால் அங்கேயும் எண்ணுவேன். "இன்னா பெரியவரே, ஆட்டு மந்தையா ஓட்டிக்கினு போற?" என்று ஒருத்தர் கேட்டார். ஆடு தொலைந்தால் பக்கத்து ஊரில் விசாரிக்கலாம் என்றேன். அவர் சிரித்தார். அவர் பேச்சில் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

முன்பு நான் இப்படி இல்லை. என் கண்ணில் பட்டால் போதும், அதுவே கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நைனார்பாளையத்தில் அப்பாவுக்குக் கூலி வேலை. பன்னிரண்டு வயதில் லாரிக்குக் கிளீனராகப் போனேன். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைக்கு இறங்குகிற லாரி. எந்த வளைவில் எந்த மாசத்தில் மண் சரியும், மேலே மழை பெய்தால் எந்த ஓடை எவ்வளவு நேரத்தில் பொங்கும் என்பதையெல்லாம் எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கிழங்கு மூட்டை மேல் படுத்துக்கொண்டே தெரிந்துகொண்டேன். இருபதில் ஸ்டியரிங் பிடித்தேன். நாற்பதில் சொந்த லாரி. ஐம்பது தாண்டியதும், அருவி பார்க்க மலைக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லாரியை விற்று இரண்டு ஜீப் வாங்கினேன். அப்போது ஊரே சிரித்தது. அன்றைக்குச் சிரித்தவன் வூட்டுப் பிள்ளைகள் இன்றைக்கு என்னிடம் வேலை கேட்டு வருகிறார்கள்.

மிதவைச் சட்டை, தலைக்கவசம், நல்ல கயிறு, முதலுதவிப் பெட்டி, விசில் எல்லாம் வைத்திருக்கிறேன். மேற்கே மேகம் கறுத்தால் யார் கெஞ்சினாலும் தண்ணீரில் இறங்க விட மாட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு அம்மாவுக்குக் கால் சுளுக்கியதோடு சரி. பெருமை அடித்துக்கொள்கிறானே என்று நினைத்தால், ஆமாம், பெருமைதான். உழைத்துச் சம்பாதித்த பெருமை.

அந்தப் பெருமையில் உச்சம் என் செருப்புக் கணக்கு. ஆட்களை எண்ணினால் சில குடும்பங்களுக்குப் பிடிக்காது. "எண்ணாதீங்க, கண்ணு பட்டுடும்" என்று பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொள்வார்கள். அதனால் நான் ஒரு வழி செய்தேன். அருவிக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. அதைத் தாண்டினால் வழியெல்லாம் பாசி. செருப்போடு போனால் வழுக்கும். எல்லாரும் அந்தப் பாறையில் செருப்பை வரிசையாக விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டேன். போகும்போது எத்தனை ஜோடி என்று மனசுக்குள் குறித்துக்கொள்வேன். திரும்பும்போது அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பார்கள். பாறை காலி என்றால் அருவியில் யாரும் இல்லை. ஒரு ஜோடி மிச்சம் என்றால் ஒரு ஆள் உள்ளே இருக்கிறார். மலைக்கு வந்த அதிகாரி ஒருத்தர் இதைப் பார்த்துவிட்டு, "இதை எங்க படிச்சீங்க?" என்று கேட்டார். லாரியில் படித்தேன் என்றேன்.

கார்த்திகை மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஒரு துணிக்கடை ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பன்னிரண்டு பேர். முன் ஜீப் நான் ஓட்ட, பின் ஜீப்பை என் மருமகன் ஓட்டினார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தர் கடையில் தையல்காரர், சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மணி, வெறுங்கால். அவரை எல்லாரும் சாமி என்று கூப்பிட்டார்கள். அவர் சம்சாரமும் சாமி என்றுதான் கூப்பிட்டது. சாமி தனியாக இருக்கட்டும் என்று மருமகன் ஜீப்பில் முன் சீட்டு கொடுத்தோம். அந்த அம்மா பெண்களோடு என் ஜீப்பில் வந்தது.

தட்டைப் பாறையில் எல்லாரும் செருப்பை விட்டார்கள். பதினோரு ஜோடி. சாமியின் காலைப் பார்த்து, "உங்களுக்கு அந்த வேலையே இல்ல சாமி" என்று நானே கேலி பண்ணினேன். பண்ணிவிட்டு, பதினொன்று என்ற எண்ணை மட்டும் மனசில் வைத்துக்கொண்டேன்.

அருவியில் குளித்தார்கள், கோழி பிரியாணி சாப்பிட்டார்கள். எனக்கு அன்றைக்கு இருப்பே கொள்ளவில்லை. மேற்கே வானம் ஈயப் பாத்திரம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. கீழே வெயில். இப்படி வெயிலும் மேகமும் சேர்ந்து நிற்கிற நாள்தான் ஆபத்து. இரண்டரைக்கு விசில் ஊதினேன். "இன்னும் பத்து நிமிஷம் பெரியவரே" என்றார்கள். பத்து நிமிஷம் இல்லை, ஒரு நிமிஷம் இல்லை, கிளம்புங்கள் என்று விரட்டினேன். துண்டு ஒரு பக்கம், சட்டி ஒரு பக்கம் என்று அள்ளிக்கொண்டு நடந்தார்கள். தட்டைப் பாறையில் நின்று பார்த்தேன். கடைசி ஜோடியும் போனது. பாறை காலி. இரண்டு ஜீப்பையும் எடுத்தோம்.

மலை இறக்கத்தில் முதல் ஊரில் டீக்கடை. பாதி வழியிலேயே மழை தூறியது. சரியான நேரத்தில் கிளப்பினேன் பார்த்தீர்களா என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தையல்காரர் சம்சாரம் என்னிடம் வந்து, "ஐயா, எங்க சாமி ஜீப்ப வுட்டு எறங்கலீங்களா?" என்று கேட்டது. மருமகனைப் பார்த்தேன்.

"அவரு உங்க ஜீப்புல இல்ல மாமா? பொம்பளைங்களோட வந்துட்டாருன்னு நெனச்சேன்."

பின் ஜீப்பில் வந்த ஆண்களும் அதையே நினைத்திருந்தார்கள். முன் ஜீப் பெண்கள், சாமி காலையில் வந்த மாதிரியே பின்னால் வருகிறார் என்று இருந்துவிட்டார்கள்.

நான் வாய் தவறி, "பாறையில செருப்பு ஒண்ணும் நிக்கலியே" என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தது. "சாமி எங்கீங்க செருப்பு போட்டாரு?"

ஜீப்பைத் திருப்பினேன். அப்போதுதான் ஒரு ஆளுக்கு நினைவு வந்தது. பிரியாணி பொட்டலம் பிரித்தபோது, வாடை ஆகாது, மேலே போய்க் குளித்துப் பூஜையை முடித்துவிட்டு வருகிறேன் என்று சாமி அவரிடம் சொன்னாராம். இந்த ஆள் சாப்பிட்டுவிட்டு மர நிழலில் தூங்கிவிட்டார். அருவிச் சத்தத்தில் என் விசில் மேலே கேட்டிருக்காது.

ஜீப்பை நிறுத்திவிட்டு ஓடினோம். அறுபத்தாறு வயதில் அந்தக் கல்லில் அப்படி ஓடியது நான் ஒருத்தன்தான் இருப்பேன். போகும்போதே சத்தம் மாறியிருந்தது. காலையில் சலசல என்று இருந்த ஓடை இப்போது லாரி டிப்பரில் கல் கொட்டுகிற மாதிரி இரைந்தது. செந்தண்ணி, இலையும் சுள்ளியும் அடித்துக்கொண்டு. அருவி விழுகிற இடத்துக்கு மேலே, அக்கரையில், கறுப்பு வேட்டியோடு சாமி நின்றிருந்தார். நடுவில் இருபதடி தண்ணீர். மதியம் முழங்கால் அளவில் கடந்து போயிருக்கிறார். இப்போது இடுப்புக்கு மேல் இருக்கும். கால் தவறினால் முப்பது தப்படியில் அருவி விளிம்பு.

அவரைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் எல்லாரும் கையை ஆட்டினார்கள். வராதே, வராதே என்று. அந்த அம்மாவும் ஆட்டியது. நானும் ஆட்டினேன். அக்கரையிலிருந்து பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? உள்ளங்கையைக் கீழே போட்டு நாம் வா என்று கூப்பிடுகிற மாதிரியே தெரிந்திருக்கிறது. சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார்.

கத்தினால் கேட்காது. "கைய கீழ போடுங்க எல்லாரும்" என்றேன். "உக்காருங்க. எல்லாம் உக்காருங்க." நானே முதலில் பாறை மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன், பந்தியில் உட்காருகிற மாதிரி. ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். அந்த அம்மா மட்டும் நின்றது. அதன் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தே உட்கார வைத்தேன். சாமி காலைத் தண்ணீரில் வைத்தபடி எங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் காலை எடுத்தார். அவரும் உட்கார்ந்தார்.

மருமகன் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டார். "நான் போறேன் மாமா. எனக்கு நீச்சல் தெரியும்."

"தண்ணிக்கும் தெரியும் மாப்ள, உங்கள எங்க கொண்டுபோயி போடணும்னு. உக்காருங்க."

அவரும் உட்கார்ந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

என் வாழ்க்கையிலேயே நான் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது கிடையாது. லாரியில் உட்கார்ந்தாலும் லாரி ஓடும். இங்கே எதுவும் ஓடவில்லை, தண்ணீரைத் தவிர. எழுந்து போய்க் கிட்டே பார்க்கலாமா என்று தொடை துடித்தது. நான் எழுந்தால் சாமியும் எழுந்திருப்பார். அக்கரையில் ஒரு பாறையில் வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. காலையில் பார்த்திருந்தேன், இப்போது தண்ணீர் அதை மூடியிருந்தது. அது எப்போது தெரியும் என்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா என் பக்கத்தில் இருந்தது. அழவில்லை. "பெரிய ஆளு, மலையே இவரு கையில இருக்குதுன்னு சொன்னாங்க" என்றது. "பெரிய ஆளு இன்னா பண்றீங்க? உக்காந்துக்கினு இருக்கீங்க."

"ஆமாம்மா."

"அவருக்கு இன்னாவது ஆனா?"

மேலே மழை நின்றுவிட்டது, இன்னும் ஒரு மணி நேரத்தில் வடியும் என்று சொன்னேன். மழை நின்றது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. மேற்கே வானம் கொஞ்சம் வெளுத்ததை வைத்துச் சொன்னேன். சொன்ன பிறகு ஒவ்வொரு நிமிஷமும் வானத்தைப் பார்த்தேன். அது மறுபடி கறுத்தால் நான் பொய்யன்.

நடுவில் சாமி ஒரு தடவை எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

நாலரை மணி வாக்கில் வெள்ளைக் கோட்டின் மேல் நுனி தெரிந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். பிறகு ஒரு விரல் அளவு. பிறகு ஒரு சாண். ஏறுகிற தண்ணீர் வேகமாக ஏறும், வடிகிற தண்ணீர் நம்மைக் கொன்றுவிட்டுத்தான் வடியும். கோடு முழுசாகத் தெரிகிற வரைக்கும் நான் அசையவில்லை. தெரிந்த பிறகு எழுந்தேன். முட்டி இரண்டும் மரத்துப்போய், மருமகன் பிடித்துத் தூக்கினார்.

மெல்லிய கயிற்றில் கல் கட்டி வீசினோம். மூன்றாம் வீச்சில் அக்கரை போய்ச் சேர்ந்தது. அதில் தடிக்கயிற்றையும் மிதவைச் சட்டையையும் கோத்து அனுப்பினோம். இரைச்சல் குறைந்திருந்ததால் இப்போது குரல் கேட்டது. கயிற்றை மரத்தில் கட்டச் சொன்னேன். சாமி கட்டிவிட்டு, மிச்சத்தைத் தன் இடுப்பில் சுற்றப் போனார். "இடுப்புல கட்டாதீங்க சாமி" என்று கத்தினேன். ஓடுகிற தண்ணீரில் இடுப்பில் கயிறு இருந்தால், விழுந்த ஆளைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கிப் பிடித்துவிடும். "கைல புடிச்சிக்கினு வாங்க. மேல் பக்கமா பாத்து, கால நவுத்தி நவுத்தி வாங்க."

வந்தார். முழங்காலுக்கு மேல்தான் தண்ணீர். நடுவில் ஒரு தடவை தடுமாறினார். கரைக்கு வந்ததும் அந்த அம்மா கையை நீட்டியது, விரதம் நினைவு வந்து பாதியில் மடக்கிக்கொண்டது. நான் பிடித்துத் தூக்கினேன்.

அவருக்குக் குளிரில் பல் தந்தி அடித்துக்கொண்டிருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார். "நான் இல்லன்னு எப்ப பாத்தீங்க பெரியவரே?"

கடை ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். மருமகன் முந்திக்கொண்டார். "அப்பவே பாத்துட்டோம் சாமி. ஜீப்ப எடுத்த ஒடனே."

அப்படியே விட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்ல வாயும் வந்தது. ஆனால் அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டீக்கடையிலதான் சாமி" என்றேன். "அதுவும் நான் பாக்கல. உங்க வூட்டுக்காரம்மா கேட்டாங்க, அப்பதான் தெரிஞ்சிது."

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டது. "நான் மட்டும் இன்னா" என்றது. "டீய குடிச்சி முடிச்சிட்டுதான் கேட்டேன்."

சாமி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். வேட்டி நுனியைப் பிழிந்தார். "அந்தக் கட இன்னேரத்துக்குத் தொறந்திருக்குமா?" என்றார்.

திறந்திருந்தது. எல்லாரும் உள்ளே உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு ஜீப்புக்கும் நடுவில் போவதும் வருவதுமாக இருந்தேன். டீ ஆறிப்போனது.